திசு வளர்ப்பில் ஒரு ரகத்தைப் பெருக்குவதும் காப்பதும்: எப்படிச் செய்வது?

திசு வளர்ப்பு, அதாவது செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத பாட்டிலில் வளர்த்துக் கன்றாக்குவது, என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, ஒரு கன்றிலிருந்து எத்தனை கன்று எடுக்கலாம் என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கையில் இருப்பது அருகிவரும் ரகம் என்றால் அதற்கு முன்னால் இன்னொன்றை முடிவு செய்தாக வேண்டும்: இதைப் பெருக்கப் போகிறோமா, காக்கப் போகிறோமா? இரண்டுக்கும் அதே அறை, அதே பாட்டில், ஏறக்குறைய அதே ஊடகம் (துண்டுக்கு உணவாகும் கூழ்) என்பதால் இரண்டும் ஒரே வேலை போலத் தோன்றும். அப்படி இல்லை. பெருக்கும்போது ஹார்மோன் கொடுத்து, வெட்டி, மாதாமாதம் புது ஊடகத்துக்கு மாற்றிச் செடியை விரட்டுகிறோம். காக்கும்போது வெப்பத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து, முடிந்தவரை தொடாமல் வைத்துத் தூங்கவிடுகிறோம். விரட்டப்பட்ட செடியில் மரபுத் திரிபு சேரும். அதனால் காப்பதற்கான பாட்டில்களைப் பெருக்கும் வரிசையிலிருந்து கடைசியில் எடுக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். முதல் மாதத்திலேயே தனியாகப் பிரித்து எடுத்து வையுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

எல்லாச் செடிக்கும் பொதுவாகச் சொன்னால் ஒன்றும் புரியாது என்பதால் வாழையை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். உண்ணும் வாழையில் விதை கிடையாது, ஆகவே விதை வங்கியில் போட்டு வைக்க வழியே இல்லை. வயலில் வைத்தால் வாடல் நோயும் முடிக்கொத்து நோயும் காத்துக்கொண்டிருக்கின்றன. திசு வளர்ப்பு உண்மையிலேயே தேவைப்படும் பயிர் அது. மா, பலா, கொக்கோ போன்றவற்றுக்கு வேறு சிக்கல்: விதை உண்டு, ஆனால் உலர்த்தினால் செத்துவிடும், குளிரில் வைத்தாலும் தாங்காது. மரவகைகளைப் பாட்டிலில் வளர்ப்பது வாழையைவிட நிறையக் கடினம், அதனால் தொடங்குகிறவர்கள் வாழை, ஆர்க்கிட், உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி இவற்றில் ஒன்றில் கை பழகுவது நல்லது.

தாய்ச்செடி

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்பதில் பாதி, பாட்டிலுக்கு வெளியே தாய்ச்செடியைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. குலை தள்ளிய மரத்தைப் பார்த்து, அந்த ரகத்துக்குரிய காய், பூ, இலைக்காம்பு, தண்டின் நிறம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே அதன் பக்கக்கன்றைத் தொடுங்கள். இலை மட்டும் பார்த்து ரகம் சொல்பவர்களை நம்பி ஆரம்பித்தால், தவறான ரகத்தை ஆயிரக்கணக்கில் பெருக்கி வைத்திருப்பீர்கள். தாய்ச்செடியைப் படம் எடுங்கள், எந்த இடத்தில் யாரிடமிருந்து எடுத்தது என்று எழுதுங்கள், அதற்கு ஓர் எண் கொடுங்கள். கடைசிக் கன்று வரை அந்த எண் கூடவே போக வேண்டும்.

அடுத்தது வைரஸ். திசு வளர்ப்புக் கன்று என்றாலே நோயற்றது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. பூஞ்சையும் பெரும்பாலான பாக்டீரியாவும் பாட்டிலில் தெரிந்துவிடும், வைரஸ் தெரியாது. தாயில் முடிக்கொத்து வைரஸ் இருந்தால் அது கன்றோடு கன்றாகப் பெருகிக்கொண்டே போகும். எனவே தாய்ச்செடியை எலிசா அல்லது பிசிஆர் சோதனைக்கு அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள். அந்த ரகத்தில் மிஞ்சியிருப்பதே நோயுள்ள செடிதான் என்றால் நுனி ஆக்குத்திசு வளர்ப்பு கைகொடுக்கும்: குருத்தின் உச்சியில் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் அளவுள்ள துளியை மட்டும் நுண்ணோக்கியின் கீழ் வெட்டி எடுத்து வளர்ப்பது. பல வைரஸ்கள் அந்த உச்சிக்கு எட்டுவதில்லை. 1952-ல் மொரேலும் மார்ட்டினும் டாலியாச் செடியை வைரஸிலிருந்து மீட்டது இந்த வழியில்தான். துண்டு சிறியதாக இருந்தால் வைரஸ் போக வாய்ப்பு அதிகம், பிழைக்க வாய்ப்பு குறைவு. அப்படி மீட்ட ஒவ்வொரு வரிசையையும் மறுபடி சோதித்த பிறகே சுத்தம் என்று எழுத வேண்டும். வாழையில் கோடு வைரஸ் மட்டும் தனிக்கதை. பால்பிசியானா என்ற காட்டு வாழை இனத்தின் வழி வந்த சில ரகங்களில் அந்த வைரஸின் மரபணுவே செடியின் மரபணுவுக்குள் பதிந்திருக்கிறது, திசு வளர்ப்பின் அழுத்தத்தில் அது விழித்துக்கொள்ளவும் செய்யும். அத்தகைய ரகங்களில் கன்றுகளைப் பெருக்கிய பிறகும் சோதிக்க வேண்டும்.

ஊடகம்

முராஷிகியும் ஸ்கூகும் 1962-ல் புகையிலைத் திசுவுக்காக அமைத்த எம்எஸ் ஊடகம்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் ஓடுகிறது. பொடியாகவே கிடைக்கிறது, வைட்டமின் சேர்ந்தது என்றால் லிட்டருக்கு சுமார் 4.4 கிராம், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு 30 கிராம் சர்க்கரை. பிஏபி என்கிற சைட்டோகைனின் (மொட்டுகளைத் தூண்டும் ஹார்மோன்) வாழைக்கு லிட்டருக்கு 3 முதல் 5 மில்லிகிராம். பிஏபி தண்ணீரில் நேராகக் கரையாது. 100 மில்லிகிராமைச் சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைத்து, தண்ணீர் விட்டு 100 மில்லியாக்கிக்கொண்டால் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் கிடைக்கும். அப்புறம் கணக்கு எளிது: 3 மில்லிகிராம் வேண்டுமென்றால் 3 மில்லி.

எல்லாம் கலந்து லிட்டர் அளவுக்குக் கொண்டுவந்த பிறகு பிஎச்சை 5.8-க்குச் சரிசெய்யுங்கள், அதன் பிறகே ஊடகத்தை உறையவைக்கும் அகர் 7 முதல் 8 கிராம். இந்த வரிசை மாறக் கூடாது. பிஎச் ரொம்ப இறங்கினால் அகர் உறையாமல் கூழாகவே நிற்கும். அகரைக் காய்ச்சிக் கரைத்து, பாட்டிலுக்கு 40, 50 மில்லியாக ஊற்றி, ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தத்தில் 15 முதல் 20 நிமிடம். 15 பவுண்டு அழுத்தம் தாங்குகிற பிரஷர் குக்கரும் போதும். ஆனால் மூடிகளைத் தளர்த்தி வையுங்கள், அழுத்தம் தானாக இறங்கும் வரை திறக்காதீர்கள். அவசரப்பட்டு ஆவியைத் திறந்துவிட்டால் ஊடகம் கொதித்துப் பொங்கி மூடியில் ஒட்டிக்கொள்ளும், அந்த ஒட்டலில்தான் பின்னால் பூஞ்சை ஏறும். ஜிப்ரலிக் அமிலம் போன்ற சூடு தாங்காதவற்றை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஊடகம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சேர்க்க வேண்டும். தயாரான பாட்டில்களை நான்கைந்து நாள் சும்மா வைத்துப் பாருங்கள். எதுவும் முளைக்கவில்லை என்றால் பயன்படுத்தலாம்.

மரவகைகளுக்கு எம்எஸ் ஊடகத்தின் உப்பு பெரும்பாலும் அதிகம். உப்பைப் பாதியாகக் குறைத்தோ, மரச்செடிகளுக்கென்றே இருக்கும் ஊடகத்தைக் கொண்டோ தொடங்குங்கள்.

துண்டு எடுப்பது

ஈட்டி இலைக் கன்றைத் தோண்டி, மண் போகக் கழுவி, வெளி உறைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே வாருங்கள். கிழங்கோடு சேர்த்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் கட்டையாக வரும்போது நிறுத்தி, ஓடும் தண்ணீரில் அரை மணி நேரம் விடுங்கள். பிறகு சோப்புக் கரைசல், பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் 30 நொடி, பிறகு 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் கரைசல் நன்றாக ஒட்டுவதற்கு இரண்டு சொட்டு ட்வீன் விட்டு 10 முதல் 15 நிமிடம். கடையில் வாங்கும் 5 சதவீத பிளீச்சை ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்தால் 1 சதவீதம். பழைய பிளீச் வேண்டாம், திறந்து வைத்தால் வீரியம் போய்விடும். கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறையாவது அலசுங்கள். பல செய்முறைகளில் மெர்குரிக் குளோரைடு என்று எழுதியிருக்கும். கிருமியை நன்றாகக் கொல்லும், உண்மைதான், ஆனால் அது பாதரச நஞ்சு, கழுவிய தண்ணீரை எங்கும் கொட்ட முடியாது. என் கருத்து, சிறிய ஆய்வகத்தில் அதை வைத்திருக்கவே கூடாது. ஹைப்போகுளோரைட்டை இரண்டு தடவை, நடுவில் ஓர் உறை உரித்துச் செய்தால் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும்.

வடிகட்டிய சுத்தக் காற்று வீசும் லேமினார் காற்றோட்ட மேசைக்குள் போனதும் இன்னும் இரண்டு உறைகளை உரித்து, வெந்து வெளுத்த விளிம்புகளைச் சீவி, அடியில் கொஞ்சம் கிழங்குத் திசுவோடு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் கட்டையாக்கி ஊடகத்தில் பாதி பதியும்படி வையுங்கள். மேசை இல்லாதவர்கள் காற்று அசையாத மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செய்யலாம், முடியும். ஆனால் ஆல்கஹால் தெளித்த மூடிய பெட்டிக்குள் விளக்கைக் கொளுத்தாதீர்கள், தீப்பிடிக்கும். அங்கே முன்கூட்டியே ஆட்டோகிளேவ் செய்து உறையில் போட்ட கத்திகளும் இடுக்கிகளும்தான் பாதுகாப்பு.

ஒரு பாட்டிலில் ஒரு துண்டு மட்டும். முதல் சுற்றில் நான்கு துண்டை ஒரே பாட்டிலில் போட்டுச் சிக்கனம் பிடித்தால், ஒன்றில் பூஞ்சை வந்தாலும் நான்கும் போய்விடும்.

முதல் சில நாளில் துண்டைச் சுற்றி ஊடகம் காப்பி நிறத்துக்கு மாறுவதைப் பார்ப்பீர்கள். வெட்டுக்காயத்திலிருந்து கசியும் ஃபீனால் அது. முற்றிவிட்டால் துண்டு தன் கசிவிலேயே கருகிவிடும். வாரம் ஒரு தடவை புது ஊடகத்துக்கு மாற்றுவது, முதல் வாரம் இருட்டில் வைப்பது, ஊடகத்தில் அஸ்கார்பிக் அமிலம் சேர்ப்பது, இவற்றில் முதலாவதே பெரும்பாலும் போதும்.

பூஞ்சை வந்தால் மூன்று, நான்கு நாளில் பஞ்சு போலத் தெரிந்துவிடும், திறக்காமல் அப்படியே ஆட்டோகிளேவில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். தந்திரமானது பாக்டீரியா. செடிக்குள்ளேயே குடியிருக்கும் சில வகைகள் இரண்டு, மூன்று சுற்று வரை காட்டிக்கொள்ளாது. பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். தண்டு அகரைத் தொடும் இடத்தில் மங்கலான பால் நிற வளையம் தெரிந்தால் அதுதான். மேலிருந்து பார்த்தால் செடி பச்சைப்பசேல் என்று இருக்கும், மனசே வராது, ஆனாலும் அந்தப் பாட்டிலிலிருந்து பெருக்காதீர்கள்.

பெருக்குவது, எங்கே நிறுத்துவது

25 டிகிரி சுற்றுவட்டாரத்தில் வெப்பம், ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெள்ளை விளக்கு, 2000 முதல் 3000 லக்ஸ். மூன்று, நான்கு வாரத்தில் துண்டு பச்சையாகிப் பருக்கும். நுனிக்குருத்தை நெடுக்குவாட்டில் பிளந்துவிட்டால் நுனியின் ஆதிக்கம் உடைந்து பக்கமொட்டுகள் கிளம்பும். அதன் பிறகு நான்கு வாரத்துக்கு ஒரு முறை பிரித்து மாற்றுவது, இதுதான் ஒரு சுற்று. ஒரு சுற்றில் மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால் ஆறு சுற்றில் ஒரு துண்டு 729 ஆகிறது, பத்துச் சுற்றில் 59049. இந்தக் கணக்குதான் ஆட்களைக் கெடுப்பது. சுற்று ஏற ஏற ரகம் திரிந்த கன்றுகள் கூடும். வாழையில் குட்டையாகப் போவது, இலை குறுகித் தடிப்பது, இலையில் வெளிர்த்திட்டு விழுவது எல்லாம் அப்படி வந்தவை. எட்டாவது சுற்றோடு நிறுத்திவிட்டு, வயலிலிருந்து புதிய துண்டு எடுங்கள். ஒரே துண்டிலிருந்து பத்தாயிரம் எடுப்பதைவிட இருபது துண்டிலிருந்து ஐந்நூறு ஐந்நூறாக எடுப்பது எவ்வளவோ பாதுகாப்பு.

பிஏபி அளவை ஏற்றி வேகம் காட்டுவதும் அதே வகைதான். அளவு மீறினால் மொட்டுகள் பிரிக்க முடியாத கொத்தாகக் கட்டிக்கொள்ளும், இலைகள் கண்ணாடி போல நீர் கோத்து நிற்கும், அப்படிப்பட்ட செடி வெளியே வந்தால் பிழைக்காது. கண்ணாடித்தன்மை கண்டால் பிஏபியைக் குறையுங்கள், அகரைக் கொஞ்சம் கூட்டுங்கள், காற்றுப் புகும் மூடி போடுங்கள். நடுவில் எங்காவது உருவமில்லாத திசுக்கட்டியான கேலஸ் திரண்டால் சீவி எறிந்துவிடுங்கள், அதிலிருந்து முளைப்பதைச் சேர்க்கவே வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் மொட்டிலிருந்து வருவது தாயைப் போல இருக்கும், கேலஸிலிருந்து புதிதாக உருவாவதில் திரிபுக்கு வாய்ப்பு அதிகம்.

வேர் விடவைப்பது சுலபம். சைட்டோகைனின் இல்லாத பாதிச் செறிவு எம்எஸ் ஊடகத்தில் வேரைத் தூண்டும் ஹார்மோனான ஐபிஏ லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். கொஞ்சம் கரித்தூளும் சேர்த்தால் இரண்டு, மூன்று வாரத்தில் வேர் வந்துவிடும்.

வெளியே கொண்டுவருவது

ஆய்வகத்தில் வெற்றி பெற்று இங்கே தோற்பவர்கள்தான் அதிகம். பாட்டிலுக்குள் காற்றில் ஈரம் ஏறக்குறைய நூறு சதவீதம், சாப்பாடு சர்க்கரையாக வருகிறது, அதனால் இலை மேல் மெழுகுப்பூச்சு சரியாக உருவாவதில்லை, இலைத்துளைகளுக்கு மூடும் பழக்கமே இல்லை. பாட்டிலிலிருந்து எடுத்த ஓர் இலையைக் கிள்ளி மேசை மேல் போட்டுப் பாருங்கள், கண் முன்னாலேயே சுருண்டு காகிதமாகிவிடும். வயல் இலை அதே மேசையில் அதற்குப் பல மடங்கு நேரம் தாங்கும்.

எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே பாட்டில்களைச் சாதாரண அறை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கடைசி இரண்டு நாள் மூடியைத் தளர்த்துங்கள். வெளியே எடுத்ததும் வேரில் ஒட்டிய அகரை வெதுவெதுப்பான தண்ணீரில் விரலால் மெல்லத் தேய்த்து ஒரு பொட்டு விடாமல் கழுவுங்கள், சர்க்கரை மிச்சம் இருந்தால் இரண்டே நாளில் கழுத்தழுகல் வரும். உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் நட்டு, நிழல்வலைக்குள் பாலித்தீன் கூடாரம் போட்டு, முதல் பத்து நாள் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். ஈரம் என்றால் காற்றில், தட்டில் இல்லை. தட்டு சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுத் திணறும். அப்புறம் தினமும் கொஞ்ச நேரம் கூடாரத்தின் ஓரத்தைத் தூக்கிவிட்டு, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். பாட்டிலில் வந்த இலைகள் பழுத்து விழும், அதற்குப் பயப்பட வேண்டாம், வெளியே விரிந்த முதல் இலைதான் கணக்கு. அந்த இலை வரும் வரை உரம் கிடையாது. நான்கு, ஐந்து வாரம் கழித்துப் பைக்கு மாற்றி இன்னும் ஆறு வாரம் வளர்த்து, அதற்குள் திரிந்தவற்றை ஈவிரக்கம் இல்லாமல் பிடுங்கிவிட்டு மீதியை நடலாம்.

காக்கும் வரிசை

இப்போது முதல் மாதத்தில் பிரித்து வைத்த பாட்டில்களுக்கு வருவோம். இரண்டு, மூன்று சுற்றுக்கு மேல் போகாத, வைரஸ் சோதனை முடிந்த செடிகள் மட்டும் இங்கே வர வேண்டும். வளர்ச்சியை மந்தமாக்க முக்கிய வழி குளிர். ஆனால் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியில் அடைக்க முடியாது. ஸ்ட்ராபெரி 4 டிகிரியில் பல மாதங்கள் இருக்கும், உருளைக்கிழங்கை 6 முதல் 8 டிகிரியில் வைக்கிறார்கள், வாழையோ அந்தக் குளிரில் செத்துவிடும். உலக வாழைச் சேகரிப்பு பெல்ஜியத்தில் லூவன் நகரத்தில் இருக்கிறது, அங்கே 16 டிகிரியிலும் குறைந்த வெளிச்சத்திலும் வைத்துச் சுமார் ஓர் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள். மாதம் ஒரு தடவை தொட வேண்டியதை ஆண்டுக்கு ஒரு தடவை தொட்டால் போதும் என்றாகும்போது, வேலையும் குறைகிறது, தவறிக் கலப்பதும் குறைகிறது, திரிபும் குறைகிறது. சில செடிகளில் சர்க்கரையின் பாதிக்குப் பதில் மேனிட்டால் சேர்த்தும் மந்தமாக்கலாம்.

ஒரு ரகத்துக்குப் பத்து, பதினைந்து குழாயாவது வைத்து, அதே அளவை வேறொரு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில் வையுங்கள். ஓர் இரவு குளிரூட்டி நின்றால் அறையே போய்விடும். பெயர்ச்சீட்டில் தாய்ச்செடி எண், சுற்று எண், தேதி மூன்றும் பென்சிலில். மார்க்கர் பேனா மேல் ஆல்கஹால் பட்டால் எழுத்து கரைந்து ஓடிவிடும், பெயர் போன குழாய் எவ்வளவு நன்றாக வளர்ந்திருந்தாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

காட்டில் எஞ்சியிருக்கும் இனம் என்றால் இன்னொரு விஷயம். தோட்டத்து ரகம் ஒன்றே ஒன்று, அதை நகலெடுத்தால் காத்தாகிவிட்டது. காட்டினத்தில் ஒவ்வொரு செடியும் வேறு, ஒரே தாயிலிருந்து ஆயிரம் எடுத்து நட்டால் அது ஒரே செடி ஆயிரம் இடத்தில் நிற்பதுதான். வெவ்வேறு இடங்களில் பல தாய்களிடமிருந்து எடுங்கள், விதை கிடைத்தால் விதையிலிருந்தே தொடங்குங்கள். அனுமதி வாங்காமல் எடுக்கவும் கூடாது, செடியைச் சாகடிக்கும் அளவுக்கு எடுக்கவும் கூடாது.

இன்னும் நீண்ட காலத்துக்கு வழி உறைகுளிர்ப் பாதுகாப்பு. குருத்து நுனிகளைக் கிளிசரால், எத்திலீன் கிளைக்கால், டிஎம்எஸ்ஓ, சர்க்கரை கலந்த பிவிஎஸ்2 கரைசலில் ஊறவிட்டு, பனிப்படிகம் உருவாக இடம் தராமல் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள் போடுவது. அங்கே உயிர்ச்செயல் ஏறக்குறைய நின்றே போவதால் சுற்று, திரிபு என்ற பேச்சே இல்லை. ஆனால் நச்சுக் கரைசலில் எத்தனை நிமிடம் என்பது ரகத்துக்கு ரகம் மாறும், திரவ நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் விடாமல் நிரப்பவும் வேண்டும், மூடிய அறையில் அது மூச்சையே நிறுத்திவிடும். சிறியவர்கள் இதைத் தனியாக முயல்வதைவிட, பாட்டில்களை நன்றாகப் பதிவு செய்து ஒரு தேசிய மரபுவளச் சேகரிப்பிடம் ஒப்படைக்கப் பேசுவது நல்லது.

சில ஆண்டுக்கு ஒரு முறை காக்கும் வரிசையிலிருந்து நான்கைந்து குழாயை எடுத்து, வேர்விடவைத்து, வெளியே பழக்கி, குலை தள்ளும் வரை வளர்த்து, தாய்ச்செடிக்கு எடுத்த படத்தையும் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக் காயையும் பூவையும் தண்டின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். மாறுதல் தெரிந்தால் அந்தக் குழாய்களின் சுற்று எண்ணைப் பார்த்து, அதே கிளையில் வந்த எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பழைய சுற்றின் குழாய்களிலிருந்தோ வயலில் இருக்கும் தாயிலிருந்தோ மறுபடி தொடங்குங்கள். இதற்காகவே வயலில் இரண்டு தாய்ச்செடியாவது எப்போதும் நிற்கட்டும்.